முள்ளுக்காரண்ணன் எடை குறைத்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். காகிதத்தை எடுப்பேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம், சிரிப்பாக எழுதினால் குற்றமாகிவிடுமோ என்று மடித்து வைத்துவிடுவேன். நான் பெரிய படிப்புப் படித்தவளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, கோயில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அம்மனிடமே கேட்டுவிட்டேன். "எழுதட்டுமா தாயே?" என்றேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

உலகத்தில் தராசை நம்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தராசை மட்டுமே நம்பிய மனிதர் எங்கள் முள்ளுக்காரண்ணன் ஒருவர்தான். பெற்ற தாய் வந்து "நான்தான்டா உன் அம்மா" என்று சொன்னாலும், ஒரு தடவை மேலே ஏறி நில்லுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் ரோட்டோரமாக மாங்காய் மண்டிகள் இருக்கும். அதில் ஒரு மண்டியில் எடை போடுகிறவர் அவர். நம்பர் எரிகிற மெஷின் வருவதற்கு முன்னால் முள் ஆடுகிற தராசுதான். அந்த முள் ஆடி அடங்குகிற வரைக்கும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் வந்த பெயர். மெஷின் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. அவர் சம்சாரம் ருக்குமணி அக்காவும் நானும் பேசிக்கொள்வதற்காகவே அந்த வேலியில் ஓர் ஓட்டை.

ஒரு நாள் அண்ணன் முடி வெட்டப் போனார். போகும்போது மண்டி மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்டிக்கொண்டு நேராக மண்டிக்கு வந்து மறுபடி ஏறினார். திரும்பவும் கடைக்கே போய்விட்டார்.

"ஏனுங்க, இத்தன நேரம் கத்திரிய ஆட்டுனீங்களே, என்னத்தங்க வெட்டுனீங்க? போறப்ப இருந்த எடையேதான் இப்பவும் இருக்குது."

"அண்ணா, நான் வெட்டுனது முடிங்க. தலைய வெட்டியிருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்."

இன்னொரு நாள் எங்கள் வீட்டுப் பலாப்பழத்தில் பாதியை அறுத்துக் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் நாலைந்து சுளையோடு வந்து நின்றார்.

"அம்மிணி, பாதின்னு சொல்லிக் குடுத்தீங்க. பாதிக்கு மேல இருந்துச்சுங்க. இது உங்களுது."

"அட, தின்னுங்ணா! பக்கத்து ஊட்டுக்குக் குடுக்கறதுக்கெல்லாம் எடையா பார்ப்பாங்க?"

"பார்க்கோணுமுங்க. அதிகமா வந்தாலும் தப்புத்தானுங்க."

மண்டியிலும் இதே கதைதான். மாங்காய்ப் பெட்டியை எடை போட்டால் காம்பு, பால், தூசி என்று சொல்லி வியாபாரிகள் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். கழிவு என்று அதற்குப் பெயர். எல்லா மண்டியிலும் வழக்கம். இவர் கையில் மட்டும் நடக்காது. "மெஷின் காட்டுனது காட்டுனதுதானுங்க" என்பார். தோப்புக்காரர்கள் இவர் இருக்கிற மண்டியைத் தேடி வருவார்கள். வியாபாரிகள் பல்லைக் கடிப்பார்கள்.

இந்த மனுஷர் நம்பிய இன்னொன்று எங்கள் ஊர் மாரியம்மன். பங்குனியில் நோம்பி வரும், அதுதான் அம்மன் திருவிழா. நோம்பி அன்றைக்கு அம்மனைச் சப்பரத்தில் வைத்து ஊரைச் சுற்றித் தோளில் தூக்கி வருவார்கள். முன்பக்கம் வலது தண்டு, அது அண்ணனுடைய இடம். மீசை முளைத்த காலத்திலிருந்து அந்த இடத்தில் வேறு தோள் பட்டதில்லை. வருஷம் முழுக்க மாங்காயை எடை போடுகிற மனுஷர் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கிறார் என்று அக்கா சொல்லும்.

அந்த வருஷ நோம்பியில், தண்ணித்தொட்டி முக்கில் சப்பரம் திரும்பும்போது அண்ணனுடைய முட்டி மடங்கிவிட்டது. சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அம்மன் கழுத்து மாலை நழுவிக் கீழே விழுந்தது. பெண்கள் எல்லாம் "தாயே!" என்று கத்திவிட்டோம். பின்னால் வந்தவர்கள் ஓடிவந்து பிடித்ததால் அம்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் மண்ணில் உட்கார்ந்தபடி அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசுபத்திரியில் டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார்கள். உடம்பு எடையைக் குறைக்க வேண்டும், தொடைக்குப் பலம் ஏற்ற வேண்டும். அண்ணன் அப்போது எண்பத்தெட்டுக் கிலோ. எழுபத்தெட்டுக்கு வந்தால் முட்டிக்கு நல்லது என்றார்கள். இதில் பலம் என்பதை எந்த மெஷினில் ஏற்றிப் பார்ப்பது? அதனால் அந்தப் பாதி அண்ணன் காதில் ஏறவேயில்லை. எழுபத்தெட்டு மட்டும் ஏறியது.

ருக்குமணி அக்கா ஒரு படி மேலே. ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குக்கூட வராமல் நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கற்பூரத்தை ஏற்றி, "அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றது.

அண்ணன் எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். "மெஷின்ல எழுவத்தெட்டு காட்டற வரைக்கும் ஆத்தா சப்பரத்துத் தண்டத் தொடமாட்டேன்."

கொஞ்சம் இளைக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மொத்தமாகச் சொல்லியிருக்கலாம். மண்டிக்காரர் அல்லவா? சாமியிடமும் கிலோ சொல்லிப் பேசிவிட்டார்.

அன்றிலிருந்து பட்டினி. காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் ஒரு கை களி, ராத்திரி ஒரு கொய்யா. களியையும் எடை போட்டுத்தான் தின்றார். மெஷின் கடகடவென்று இறங்கியது. எண்பத்து நாலு வந்த அன்று மண்டியில் எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தார். மறுநாள் ஒரு மாங்காய்ப் பெட்டியைத் தூக்கப் போய், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். பெட்டி அவரைத் தூக்குகிறதா, அவர் பெட்டியைத் தூக்குகிறாரா என்று தெரியவில்லை என்று சுமைக்காரர்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் கொல்லங்கோடு ரோட்டில் அரிசி மில் மாடியில் ஒரு ஜிம் திறந்திருந்தார்கள். நடத்துகிறவர் அனீஷ் என்று ஒரு மலையாளத்துக்காரர். மண்டிக்கு மாம்பழம் வாங்க வந்தவர், அண்ணன் பெட்டியோடு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டார்.

"சேட்டா, கொழுப்பு மட்டும் போகல்ல. உள்ள இருக்கிற சக்தியும் போயி. சாப்பிடணும். பின்ன வெயிட் தூக்கணும்."

"எடை கொறையறதுக்கு எதுக்குங்க எடை தூக்கோணும்?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதானே? எனக்கும் அன்றைக்கு அது புரியவில்லை.

ஆனாலும் போனார். முட்டை, கடலை, பாசிப்பயறு என்று தட்டு நிறைந்தது. இரும்புத் தடியைத் தூக்கினார். உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும் என்று அனீஷ் சொல்லிக்கொடுத்தபோது, "இது தோப்புக்கரணமுங்களே, இத உங்க மாடியில எதுக்குப் போடோணும்?" என்று கேட்டுவிட்டு, நேரே அரசமரத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டார். ஜிம்முக்கு ஜிம், புண்ணியத்துக்குப் புண்ணியம். தினமும் விடிந்தும் விடியாமல் பிள்ளையார் முன்னால் போட ஆரம்பித்தார். சும்மா இல்லை, தோளில் ஒரு அரிசி மூட்டையோடு.

ஊரே பேசியது. தண்ணி எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனக்கா, அந்த அண்ணன் அப்படி என்ன பாவம் பண்ணிப்போட்டாரு? சாதாரணத் தப்புக்கு மூணு போட்டா போதுமே! இவரு மூட்டையோட போடறாரே!"

பூசாரியே பயந்துபோய் ருக்குமணி அக்காவிடம் வந்து, "பரிகாரம் ஏதாச்சும் வேணும்னா மறைக்காம சொல்லுங்க அம்மிணி" என்றாராம்.

இவ்வளவும் செய்துவிட்டு மெஷினில் ஏறினால் எண்பத்தாறு. கூடிவிட்டது! அன்றைக்கு அண்ணன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஏதோ துக்க வீடு மாதிரி இருந்தது. நான் வேலி ஓட்டை வழியாகத் தலையை நீட்டினேன்.

"என்னங்ணா, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"ரெண்டு கிலோ வந்திருச்சு அம்மிணி" என்றார். சாவுச் செய்தி சொல்கிற குரல்.

முதல் சந்தேகம் மெஷின் மேல். மண்டியில் இருந்த எடைக்கல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தார். மெஷின் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடுத்து அனீஷிடம் போனார். நானும் அக்காவும் சந்தைக்குப் போகிற வழியில் கூட நின்றோம்.

"சேட்டா, கொழுப்பு போகுது, தசை வருது. அதான் எடை இறங்கல்ல. நீங்க மெஷின நோக்கண்டா. கண்ணாடிய நோக்குங்க."

"போனது எவ்வளவுங்க, வந்தது எவ்வளவுங்க? ரெண்டையும் தனித்தனியா எடை போட்டுக் காட்டுங்க. நம்பறேன்."

அனீஷ் தலையைச் சொறிந்தார். அதற்கு அவரிடமும் தராசு இல்லை.

மாசம் போகப் போக மெஷின் எண்பத்தைந்துக்கும் எண்பத்து நாலுக்கும் நடுவில் நின்றுகொண்டு அசையவே இல்லை. ஆனால் எங்கள் கண்ணுக்கு ஏதோ நடப்பது தெரிந்தது. சட்டை தோள்பட்டையில் கிழிந்தது. மண்டியில் சுமைக்காரர் ஒருவர் வராத நாளில் அவர் பங்குப் பெட்டிகளை அண்ணனே லாரியில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் வந்து எடை போட உட்கார்ந்தார். முன்பெல்லாம் கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்திருக்க ஒரு தூணும் ஒரு ஆளும் வேண்டும். இப்போது கையை ஊன்றாமல் எழுந்தார்.

பிறகு ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா அலறியது. ஓடிப் பார்த்தால், கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த அண்ணனுடைய அரைஞாண் கயிறு இடுப்பை விட்டு நழுவி, காலடியில் கிடக்கிறது. ஆண்பிள்ளைக்கு உயிர் இருக்கிற வரைக்கும் அது இடுப்பை விட்டுப் போகக்கூடாது அல்லவா? அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறது.

"ஐயோ, அரணாக்கவுறு அறுந்து போச்சே! என்ற தாலிக்கு என்ன கேடோ!"

"அறுகல ருக்கு. முடி போட்டது போட்டபடி இருக்குது பாரு. தானா கீழ எறங்கிருச்சு."

அண்ணன் கயிற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. முள் ஆடி நிற்பதற்காகக் காத்திருப்பாரே, அதே முகம். நான்கு விரல் உள்ளே தள்ளி முடி போட்டபிறகுதான் கயிறு இடுப்பில் நின்றது. அழுதுகொண்டிருந்த அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப இளைச்சுத்தான் போயிருக்கறீங்க!" என்றது.

"இளைச்சா எடை எங்க போச்சு?" என்றார் அண்ணன்.

அடுத்த பங்குனியில் பூச்சாட்டு வந்தது. கோயிலில் பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கிவிட்டால், அது முடிகிற வரைக்கும் ஊருக்குள் கறியும் முட்டையும் கிடையாது. அண்ணன் பாசிப்பயறில் இறங்கினார். டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வந்தார்கள். முட்டியை அமுக்கிப் பார்த்து, உட்காரச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்லி, "நல்லா இருக்கு. எடையைப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், தாராளமாகத் தூக்கலாம்" என்றார்களாம்.

நான் சந்தோஷப்பட்டேன். "அப்பறம் என்னக்கா, தூக்க வேண்டியதுதானே?"

"டாக்டரம்மா கற்பூரம் அணைக்கலியே சாமி. அணைச்சது இவரு" என்றது அக்கா. அதன் முகத்தில் ரத்தமே இல்லை. சத்தியம் வாங்கியதே தான்தானே என்கிற வேதனை.

நோம்பி அன்று காலையில் மண்டியில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் மெஷினில் ஏறினார். எண்பத்து மூன்று.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "வேட்டியக் கழட்டீட்டு நில்லுங்ணா, நாங்க திரும்பிக்கறோம்!" என்றார் ஒருவர். ஒரு வியாபாரி, இத்தனை வருஷம் பல்லைக் கடித்தவர், சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"காம்பு, தூசி, பால் எல்லாம் சேர்த்து அஞ்சு கிலோ கழிவு போட்டுக்குங்க. எழுவத்தெட்டு சரியாப் போச்சு. ஊரே ஒத்துக்கும்."

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. மெஷினை விட்டு இறங்கி, "மாங்காய்க்கே போட்டதில்லீங்க. ஆத்தாளுக்குப் போடுவனா?" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அக்காதான் கோயிலுக்கு ஓடியது. "சத்தியம் ஆத்தாளுக்குப் பண்ணுனது. வேணுமா வேண்டாமான்னு ஆத்தாளே சொல்லட்டும். பூக் கேளுங்க" என்று பூசாரியிடம் அழுதது.

எங்கள் பக்கம் தெரியாத காரியத்துக்குப் பூக் கேட்பது உண்டு. அம்மன் தலையில் வலது பக்கம் ஒரு பூ, இடது பக்கம் ஒரு பூ நனைத்து வைப்பார்கள். வலது பூ விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் வேண்டாம். அண்ணனைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி கேட்டார்: "தாயே, இவன் சொன்ன கணக்குக்கு வரல. ஆனா குறுக்கு வழியிலயும் வரல. உன்ற தண்டத் தொடலாமா?"

இரண்டு பூவும் அசையவில்லை. அப்போது அண்ணன் வாய் திறந்தார்.

"பூசாரி, உள்ள ஓடற ஃபேன நிறுத்துங்க."

"அட, ஏனுங்க! வெந்து சாகறனுங்க உள்ள!"

"காத்து வந்து தள்ளுனா அது ஆத்தா சொன்னதாகாதுங்க. மேளத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. அதிருது."

அக்கா அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளியது. "விழோணும்னு ஊரே வேண்டிக்கிட்டு நிக்குது. விழாம இருக்க வழி பண்றவரு நீங்க ஒருத்தருதான்!"

ஃபேன் நின்றது. மேளம் நின்றது. பூசாரியின் வேர்வை சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு கூட்டத்திலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தால் வலது பூ அம்மன் மடியில் கிடந்தது.

அண்ணன் கும்பிடக்கூட மறந்து நின்றார். அக்காதான் அவர் கையை எடுத்துச் சேர்த்து வைத்தது.

அன்று சாயங்காலம் முன் வலது தண்டில் அண்ணன். சப்பரம் கிளம்பியது. நானும் அக்காவும் பக்கத்திலேயே நடந்தோம். தண்ணித்தொட்டி முக்கு நெருங்கியது. அக்கா அம்மனை ஏறிட்டே பார்க்கவில்லை. குனிந்து அண்ணன் காலையே பார்த்துக்கொண்டு வருகிறது.

"அக்கா, சாமியப் பாருங்க."

"சாமி எங்கயும் போயிறாது. முட்டி போயிரும்" என்றது.

முக்கில் சப்பரம் திரும்பியது. வெளிப்பக்கத் தண்டுக்காரர்கள் ஓட்டமாக வர, உள்பக்கத்தில் முழுப் பாரமும் அண்ணன் தோளில் இறங்கியது. அவர் காலை அகட்டி, லேசாக உட்கார்ந்து, எழுந்தார். பிள்ளையார் கோயிலில் போட்டாரே, அதுபோலத்தான். சப்பரம் ஆடாமல் அசையாமல் திரும்பியது. அம்மன் மாலையில் ஒரு பூகூட உதிரவில்லை.

கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கினார்கள். எல்லாரும் அண்ணன் முகத்தில் சிரிப்பை எதிர்பார்த்தோம். அவருக்கோ முகமெல்லாம் சந்தேகம். சப்பரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து பார்த்தார். கோயில் கமிட்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சப்பரத்துல எதையாச்சும் கழட்டி வெச்சுட்டீங்களா?"

"இல்லீங்ணா. இந்த வருஷம் புதுசா பித்தளைத் தகடு வேற அடிச்சிருக்குது. பாரம் கூடத்தான் இருக்கும்."

"கூடவா? போன வருஷத்துக்கு பாதிகூட இல்லீங்களே!"

அம்மன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அம்மிணி, நான் கொறைக்கறேன்னு சொன்னத, என்னால முடியலேன்னு பார்த்து ஆத்தா தன்ற எடையில கொறச்சுக்கிட்டாளுங்க."

நோம்பி பார்க்க வந்திருந்த அனீஷ் பக்கத்திலேயே நின்றார். தசை, கொழுப்பு என்று விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். ருக்குமணி அக்கா ஒரு பெரிய உருண்டைச் சர்க்கரைப் பொங்கலை அந்த வாயில் வைத்துவிட்டது.

அனீஷ் சொல்லவந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னது பொய் என்றும் சொல்ல மாட்டேன். யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு இரண்டும் சரியாகத்தான் தெரிகிறது. அண்ணன் இன்னும் எண்பத்து மூன்றில்தான் நிற்கிறார். நான் இப்போது பாலக்காட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். நோம்பிக்குத் தவறாமல் போய்விடுவேன். கூட்டத்துக்குள் அம்மன் முகத்தைத் தேடும் முன்னால் என் கண் அந்த முன் தண்டைத்தான் தேடுகிறது. அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள்.

ஊரில் இதை இப்போது பல விதமாகச் சொல்கிறார்கள். அவர் ஒற்றை ஆளாகச் சப்பரத்தைத் தூக்கினார் என்கிறார்கள். பூ விழும்போது மணி தானாக அடித்தது என்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. படித்த நீங்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஒரு சொல் கூடிப்போனாலும் அது வேறு யாரோ ஒரு பலசாலியின் கதையாகிவிடும். எங்கள் அண்ணன் அதில் இருக்க மாட்டார்.